அரைலாரிக்கு மூடுபாய் தேடிய ஆடி மாதம்

பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்கி, பின்னிருக்கையையும் கூரையின் பின்பாதியையும் அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் அயனிப் பலகையால் ஒரு தட்டு அடித்துச் சரக்கு ஏற்றுவது அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் புதிதாக வந்திருந்த தொழில். அந்த வண்டியை என்னவென்று அழைப்பது என்பதில் யாருக்கும் தெளிவில்லை. லாரி என்று சொல்லும் அளவுக்கு அது பெரிதில்லை. கார் என்று சொன்னால் கேட்டவர்கள் சிரித்தார்கள். வடசேரிச் சந்தையில் அரைலாரி என்று பெயர் வைத்தார்கள்; அது நிலைத்துவிட்டது. என் மகன் அப்படியொரு அரைலாரி ஓட்டினான்.

படிப்பு முடிந்ததும் ஏதாவது ஆபீசில் உட்காருவான் என்று நானும் அவன் அப்பாவும் நினைத்திருந்தோம். அவன் அப்பா கொழும்பில் ஒரு கம்பெனியில் எழுத்து வேலை பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஊருக்கு வருவார். நான் நாகர்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கும் தையலும் சொல்லிக்கொடுத்தேன். மகனுக்கோ தெருவில் ஒரு எஞ்சின் உறுமினால் போதும், தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். கடைசியில் அவன் விருப்பப்படியே நடந்தது. வடசேரியில் மலைச்சரக்கு மொத்த வியாபாரம் செய்த அண்ணாச்சி ஒருவர் அவனுக்கு வேலை கொடுத்தார். மேற்கே மலையடிவாரத்திலிருந்து வரும் நல்லமிளகும் கொட்டைப்பாக்கும் அவருடைய சரக்குக் கிட்டங்கியில் மூட்டையாகும். அதை ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிக்குப் போவான். திரும்பும்போது வத்தலோ உள்ளியோ ஏற்றி வருவான்.

வைகாசிக் கடைசியில், கணவாயில் காற்று தொடங்கிய சமயம், வண்டி கவிழ்ந்தது.

அப்போதெல்லாம் சரக்கின் மேல் போட்டது பனையோலைப் பாய்தான். மாட்டுவண்டிக்காரர்கள் மூட்டைக்குப் போடும் அதே முரட்டுப் பாய், ஓரம் முழுவதும் கயிறு கோத்தது. அதற்கு மேல் ஒன்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அன்றும் அதைத்தான் கட்டியிருந்தான். ஆரல்வாய்மொழியில், திருவிதாங்கூர் எல்லையில், சரக்குக்குத் தீர்வை பார்க்கும் சவுக்கை இருக்கிறது. அங்கே பாயைத் திறந்து காட்டிவிட்டுத் திரும்பக் கட்டிக்கொண்டு புறப்பட்டிருக்கிறான். கொஞ்ச தூரம் போனதும் பாய் எழும்பி, அவன் தலைக்கு மேலாக வந்து, முன்கண்ணாடியில் அப்பிக்கொண்டது. ஒன்றும் தெரியவில்லை. வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஓடையில் சாய்ந்தது. பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர்கள்தான் அவனை வெளியே இழுத்து நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள். எந்தப் பாய் அவன் கண்ணை மறைத்ததோ அதையே வண்டியில் விரித்து அவனைப் படுக்கவைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நான் முதலில் பார்த்தது அந்தப் பாயைத்தான். மகனைப் பிறகுதான் பார்த்தேன். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். எனக்குக் கேட்டது, மனசுக்குள் இறங்கவில்லை. வருஷங்கள் கழிந்த பிறகும், கொடியில் காயும் புடவை படபடத்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்த துணியைக் கழற்றியதும், வண்டியின் வளைந்த மட்காடைத் தட்டி நிமிர்த்தியதும், அவன் மறுபடியும் போகிறேன் என்றான். ஆடி பிறந்திருந்தது. கணவாயில் காற்று உச்சத்தில் இருக்கும் மாதம். வருகிற சனிக்கிழமைக்கு மறு சனிக்கிழமை மிளகு போயாக வேண்டும், முடியாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணாச்சி ஆள் அனுப்பியிருந்தார். ஆடி கழியட்டும் என்று நான் கெஞ்சினேன். ஆடி கழிந்தால் சரக்கும் கழிந்துவிடும் என்றான். கடைசியில், அந்த ஓலைப்பாயைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது, அது மட்டும் முடியாது என்றேன்.

"வேற என்னத்தப் போடச் சொல்லுதிய?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதது எனக்கே வெட்கமாக இருந்தது. துணியோடும் ஊசியோடும் வாழ்கிறவள் நான். எந்தத் துணி சுருங்கும், எது சாயம் விடும், எது இரண்டு துவைப்பில் நைந்துபோகும் என்று தொட்டுப் பார்த்தே சொல்வேன். ஒரு வண்டியின் பின்தட்டை எதைக் கொண்டு மூடினால் பிள்ளை வீடு திரும்புவான் என்பதை மட்டும் நான் யோசித்ததே இல்லை. அன்றிலிருந்து வேறெதையும் யோசிக்கவும் முடியவில்லை.

முதலில் வடசேரி இரும்புக்கடைக்குப் போனேன். அங்கே தார் பூசிய கித்தான் சுருள் சுருளாக வந்திருந்தது. கப்பலில் போடுவது, கல்லு மழை பெய்தாலும் இறங்காது என்றார் கடைக்காரர். ஓரத்தில் பித்தளை வளையம் அடித்துத் தருவதாகவும் சொன்னார். மாதிரிக்கு ஒரு துண்டு வாங்கிவந்தேன். முற்றத்தில் நாற்காலியைக் கவிழ்த்து, கால்களின் மேல் அந்தத் துண்டைக் கட்டி, குடத்துத் தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே இரண்டு தலைகள் தெரிந்தன. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. ஆனால் வெயிலில் கிடந்ததும் அதிலிருந்து எழுந்த நாற்றம் முற்றம் முழுவதும் பரவியது. மிளகு வாசனை பிடிக்கும் பொருள். அதனால் ஒரு டப்பாவில் பிடி மிளகைப் போட்டு, கித்தானில் ஒரு மூலையை வெட்டி உடன் வைத்து மூடி, வெயிலில் வைத்தேன். மறுநாள் அந்த மிளகைத் தட்டித்தான் ரசம் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

என் மகள், அப்போது அவளுக்குப் பதினாலு வயது, ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளி வைத்தாள். "இது சோத்துல ஊத்தவா, வள்ளத்துக்கு அடியில பூசவா?" என்று கேட்டாள்.

மகனும் குடித்துப் பார்த்தான். அண்ணாச்சி இந்த ரசத்தைக் குடித்தால் தன்னை ஆரல்வாய்மொழி வரைக்கும் ஓட ஓட விரட்டுவார் என்றான். அடிபட்ட பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். தார்க் கித்தானை விட்டோம்.

பலகைக்கூரை போடலாமா என்று கேட்டேன். மேலே பாரம் கூடினால் காற்றில் வண்டி சாய்வது இன்னும் சுலபம் என்றான். சாய்வது என்ற சொல்லை அவன் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் விட்டோம்.

இந்த இடத்தில்தான் ஒரு சந்தேகம் எனக்கு வந்தது. பாய் எப்படி முன்னால் வந்தது? வண்டி முன்னே போகிறது. காற்று முன்னாலிருந்துதான் அடிக்கும். பாய் பிய்ந்தால் பின்னால்தானே போய் விழ வேண்டும்? மகனிடம் கேட்டேன். கணவாய்க் காற்று அப்படித்தான் சுழற்றும் என்றான். டிரைவர்கள் எல்லாருமே பாயின் முன்பக்கத்தைத்தான் பல்லைக் கடித்து இறுக்குவார்கள், பின்பக்கம் எப்படியும் சவுக்கையில் அவிழ்க்க வேண்டியதுதான் என்பதால் ஒரு சுருக்குப் போட்டு விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னான். அவன் சொன்னது எனக்குப் போதவில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விடுமுறை. தையல் வகுப்பில் மிஞ்சிய சிவப்புத் துணிநாடா ஒன்றை எடுத்துக்கொண்டு, பணகுடி போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். நாகர்கோவிலில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. தோவாளை வரைக்கும் நாடாவை வெளியே பிடித்தபோது அது பஸ்ஸின் பின்பக்கம் பார்த்துத்தான் பறந்தது. பின்னாலிருந்த ஒருவர், டீச்சரம்மா கொடி பிடித்துப் போவது எந்தக் கட்சிக்கு என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை. இருபக்கமும் மலை நெருங்க நெருங்க நாடா தளர்ந்தது. சவுக்கையைத் தாண்டியதும் துவண்டு கீழே தொங்கியது. பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்ல எழுந்து முன்பக்கம் நீட்டிக்கொண்டது. பஸ் போகும் திசையையே அது காட்டியது. பஸ்ஸைவிட வேகமாகக் காற்று பின்னாலிருந்து வந்து எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயத்தினால் பாதி, கண்டுபிடித்த சந்தோஷத்தினால் பாதி என்று இப்போது சொல்லலாம். ஊரெங்கும் டிரைவர்கள் முன்னால் வரும் காற்றுக்காகப் பாய் கட்டுகிறார்கள். இந்தக் கணவாயில் ஆடி மாதம் கிழக்கே போகிறவனுக்குக் காற்று முதுகில் வருகிறது. அதுவும் பின்பக்கத்தை அவிழ்த்துக் காட்டிவிட்டு அவசரமாகக் கட்டிய பிறகு வருகிறது. பாயைத் தூக்குவதற்கென்றே யாரோ திட்டம் போட்டு வைத்ததுபோல இருந்தது.

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிச் சவுக்கைக்கு நடந்து வந்து, அதன் வாசலில் திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். காற்றில் நிற்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்த வண்டிகள் எல்லாம் அங்கே பின்பக்கத்தை அவிழ்த்தன. சவுக்கைச் சேவகர் எட்டிப் பார்த்து, மூட்டையில் கம்பைக் குத்தி, போகலாம் என்று கையசைத்தார். வண்டிக்காரர்கள் கண்ணில் புழுதி விழ விழ, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கை போன போக்கில் முடிச்சுப் போட்டார்கள். அதைப் பார்க்கும்போது என் மகனும் அப்படித்தான் முடிந்திருப்பான் என்று தெரிந்தது. இன்னொன்றையும் கவனித்தேன். என் புடவைத் தலைப்பு நாகர்கோவில் சாரலில் நனைந்திருந்தது. சவுக்கை வாசலிலோ மண் மாவாகப் பறந்தது. அப்போது அதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை.

நாடாவின் கதையை மகன் முழுதாகக் கேட்டான். பிறகு பின்பக்கத்தை இறுக்கிக் கட்டினால் போதுமே என்றான். சவுக்கையில் அவிழ்ப்பாயே என்றேன். அவிழ்த்துவிட்டு இறுக்கிக் கட்டுவேன் என்றான். அந்தக் காற்றில் நின்று பார்த்தவள் நான். மனிதக் கையால் முடிகிற காரியம் அது இல்லை என்று சொன்னேன். அப்படியானால் காற்றைப் பற்றித் தெரிந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று இருவரும் மணக்குடிக்குப் போனோம்.

மணக்குடியில் வள்ளங்களுக்குப் பாய் தைக்கிற ஒருவர் இருந்தார். கடல் கொந்தளித்துக் கிடந்ததால் வள்ளங்கள் கரையேறியிருந்தன. பழுது பார்க்கும் வேலை நிறைய இருந்தது. எங்களைக் கண்டதும், பழைய பாய் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது, புளியங்கொட்டைச் சாயம் ஏற்றியது, வண்டிக்கு அதைவிட என்ன வேண்டும் என்று மணலில் விரித்துப் போட்டார். சிவந்த, கனத்த துணி. முகர்ந்தேன், உப்பு வாசனை தவிர வேறில்லை. மகனுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நான் குனிந்து தையலைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு துண்டையும் ஓரத்தில் சற்று அதிகமாக மடித்துப் பிடித்துத் தைத்திருந்தார். சட்டை உடம்போடு பொருந்துவதற்குப் பிடிப்பு வைப்பதுபோல. அப்படித் தைத்தால் துணி நடுவில் குழி விழும்.

"இதுக்கு நடுவுல வயிறு வச்சிருக்கியளே," என்றேன்.

அவர் சிரித்தார். "வயிறு இல்லாம பாய் காத்த எங்க கொண்டு வைக்கும்? டீச்சரம்மாவுக்குக் காத்துத் தின்னாத பாயா வேணும்? அப்பிடி ஒண்ணக் கடப்புறத்துல எவனும் தைச்சதில்ல கேட்டியளா."

வயிறு இல்லாமல் தட்டையாகத் தைத்தால் என்ன என்று கேட்டேன். தைக்கலாம், ஆனால் எந்தத் துணியானாலும் காற்று அதைப் பிடித்துக்கொள்ளும், பிடித்தால் விடாது, பெருங்காற்றில் தாங்கள் பாயை இறக்கிவிடுவதுதான் வழக்கம் என்றார். நீங்கள் கீழே இறக்கலாம், என் மகனின் மிளகு எங்கே போகும் என்றேன். அவரோ பழைய பாயின் விலையையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் கம்புகளில் மாட்டியிருந்ததைக் கவனித்தேன். கரையில் நின்று இழுக்கிற கரைமடி வலையின் இறக்கை அது. தென்னங்கயிற்றில் கை நுழையும் அளவுக்குப் பெரிய கண்களாக முடிந்தது. பக்கத்தில் காயப்போட்டிருந்த பாய்த்துணி அறுந்துவிடும்போல அடித்துக்கொண்டது. அதே காற்றில் இந்தக் கயிற்றுவலை ஊஞ்சல் கட்டியதுபோல லேசாக ஆடிக்கொண்டிருந்தது. போய் அதைப் பிடித்துப் பார்த்தேன். கையில் இழுப்பே தெரியவில்லை. காற்று என் முகத்தில் அடித்தது. வலையை அது கண்டுகொள்ளவே இல்லை.

"ஏலே, இதைப் போட்டா என்ன?" என்று மகனைக் கேட்டேன்.

அவன் வெட்கப்பட்டுப் பாய் தைப்பவரைப் பார்த்தான். "அம்மா, அது வலை. மழை பெஞ்சா?"

பாய் தைப்பவர் அந்தக் கண்ணுக்குள் தன் கையை முழங்கை வரை நுழைத்துக் காட்டினார். இதை மூடி என்று சொன்னால் ஆடுகூட நம்பாது என்றார். மகனும் அவரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் அதற்குள் சவுக்கை வாசலில் மாவாகப் பறந்த மண் என் நினைவுக்கு வந்துவிட்டது. கிழக்கே போகும்போது சாரல் எங்கே நிற்கும் என்று மகனைக் கேட்டேன். தோவாளை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என்றான். ஆடியில் சவுக்கைக்கு அப்பால் மழை பார்த்திருக்கிறாயா என்றேன். யோசித்தான். அங்கே எல்லாம் சொட்டுத் தண்ணி விழாது, பணகுடிக்காரன் நம்ம சாரலைப் பார்த்து ஏங்குவான் என்றான். சொல்லி முடிக்கும்போதே அவன் முகம் மாறியது.

மழை இருக்கும் இடத்தில் காற்று இல்லை. காற்று இருக்கும் இடத்தில் மழை இல்லை. நடுவில் சவுக்கை இருக்கிறது. அங்கே எப்படியும் நிற்க வேண்டும். மூட்டைகளை அசையாமல் பிடித்துக்கொள்ள வலையை வீட்டிலேயே இறுக்கிக் கட்டி, அதன் மேல் மழைக்கு ஒரு தட்டைத் துணியை லேசாக முடிந்துவிட்டால், சவுக்கையில் துணியை மட்டும் உருவி மடித்து வைத்துக்கொள்ளலாம். வலையை அவிழ்க்கவே வேண்டாம். சேவகருக்கு அதன் கண் வழியாகவே மூட்டை தெரியும், கம்பையும் குத்திக்கொள்ளலாம்.

பாய் தைப்பவர் கடைசி வரைக்கும் நம்பவில்லை. ஆனால் புதிதாக வலை முடிய ஒப்புக்கொண்டார். வயிறு வைக்காமல் ஒரு துணியும் தைத்துத் தந்தார். மிளகு மேல் கிடக்கப்போவது என்பதால் கடலில் நனையாத புதுக் கயிறாக இருக்க வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வாங்கப் போன அன்று அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. எதற்கு வேண்டுமானாலும் பயன்படட்டும், மாதா கோயில் சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளிக்காமல் தன் வீட்டிலிருந்து ஒரு வலை வெளியே போனதில்லை என்றார். நாங்கள் மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மகனின் தோளைப் பார்த்தேன். தெளிக்கட்டும் என்றேன். கொஞ்சம் தாராளமாகவே தெளித்தார்கள்.

இனி அண்ணாச்சி ஒருவர்தான் பாக்கி. அவர் சுத்த சைவம். மணக்குடியிலிருந்து நேரே போய்க் கிட்டங்கி வாசலில் வலையை இறக்கியதுமே கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"டீச்சரம்மா, இது என்னது?" என்றார்.

மூடி என்றேன்.

"எனக்க மொளவு என்ன அயிலையா சாளையா, வல போட்டுப் புடிக்க?"

நான் நாடாவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன். வகுப்பில் கணக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாக. மகன் வண்டியில் சாய்ந்து நின்றான். அவர் என்ன சொல்வாரோ அதில்தான் அவன் சனிக்கிழமை இருந்தது. வலை இல்லை என்றால் அவனைப் போக விடுவதா என்பதில் என் சனிக்கிழமை இருந்தது. அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மேல்துண்டை இடுப்பில் கட்டி, குனிந்து, வலையைக் கையால் தொடாமல், மூக்கை மட்டும் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். நாலைந்து இடத்தில் முகர்ந்தார். தேங்காய்த் தொண்டு நாற்றம்தான் வருகிறது என்று ஒப்புக்கொண்டார். நிமிரும்போது ஒரு மூலை ஈரமாக இருப்பதைப் பார்த்துவிட்டார்.

"கடல் தண்ணியா?"

"இல்ல அண்ணாச்சி. மாதா கோயில்ல சாமியார் தெளிச்ச தண்ணி."

அவர் கொஞ்ச நேரம் அந்த ஈரத்தையே பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "தீர்த்தம்னா பரவாயில்ல," என்றார். "எங்க கோயில்லயும் தெளிக்கியதுதான். ஆனா ஒண்ணு. சவுக்கைக்கு அங்கன ஒரு சொட்டு நனைஞ்சாலும் மூட்டைய ஒங்க வீட்டுல எறக்கிருவேன். ஆயுசு பூரா ரசம் வச்சுக் குடியுங்க."

சனிக்கிழமை காலையில் வலையை நானும் மகனும் சேர்ந்து கட்டினோம். முடிச்சுகளை நான்தான் போட்டேன். பின்பக்கத்தில் இரட்டையாகப் போட்டேன். அதன் மேல் துணியை மூடி, நாலு மூலையையும் முடிந்தோம். நானும் வருகிறேன் என்று சொன்னபோது, பொம்பளையை லாரியில் ஏற்றிப்போனால் சந்தையில் ஆயுசுக்கும் கேலி செய்வார்கள் என்றான். கேலி செய்யட்டும் என்றேன். பணகுடியில் இறங்கிப் பஸ்ஸில் திரும்பிவிடுவேன் என்று பேரம் பேசினேன். அவன் இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

வடசேரி தாண்டும் வரைக்கும் தலையில் முக்காடு போட்டுக் குனிந்திருந்தேன். வயல்களின் மேல் சாரல் பூவாகத் தூவிக்கொண்டிருந்தது. தோவாளை கழிந்ததும் அவன் சொன்ன இடத்திலேயே மழை நின்றது. ரோடு நனைந்திருந்த கறுப்பிலிருந்து வெளுப்புக்கு மாறும் கோடுகூடத் தெரிந்தது. சவுக்கையில் துணியை உருவினோம். அது கையை விட்டுப் பறக்கப் பார்த்தது. இருவரும் அதன் மேல் உட்கார்ந்துதான் மடித்தோம். சேவகர் வந்து வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் வலையைப் பார்த்தார். உள்ளே மீனா என்று மகனிடம் கேட்டார். கண் வழியாகக் கம்பை விட்டு மூட்டையைக் குத்தி, கையில் ஒட்டிய மிளகுத்தூளை முகர்ந்துவிட்டுப் போகச் சொன்னார். பின்பக்க முடிச்சை யாரும் தொடவில்லை. ஆனாலும் நான் இறங்கிப் போய் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

புறப்பட்டதும் காற்று முதுகில் வந்து ஏறியது. வண்டி தானாகவே வேகம் பிடிப்பதுபோல இருந்தது. மகன் எஞ்சினை அடக்கினான். பின்னால் கயிற்றுவலை மெல்லிசாக ஒரு ஊதல் ஓசை எழுப்பிக்கொண்டே வந்தது. படபடப்பு இல்லை. வண்டி கவிழ்ந்த இடம் எது என்று அவன் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வந்ததில்லை. ஆனால் அவன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங் வளையத்தை இறுக்கிப் பிடித்தபோது தெரிந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மா," என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "கண்ணத் தொறங்க. பாருங்க."

திறந்தேன். முன்கண்ணாடி சுத்தமாக இருந்தது. அதற்கு அப்பால் ரோடு நீளமாக, காய்ந்து, வெளுத்துக் கிடந்தது. காற்றில் கிளம்பிய சருகுகள் எங்கள் வண்டியின் இரண்டு பக்கமும் வந்து, எங்களை முந்திக்கொண்டு, ரோட்டில் உருண்டு உருண்டு முன்னே ஓடிக்கொண்டிருந்தன. எவ்வளவு வேகமாகப் போனாலும் அவற்றைப் பிடிக்க முடியவில்லை. அவன் அவற்றைப் பார்த்துச் சிரித்தான். இவ்வளவு நாளும் இந்த ரோட்டில் போயிருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை என்றான்.

காவல்கிணற்றுக்குப் பக்கத்தில் மலை விலகியதும் ஓரமாக நிறுத்தி, இறங்கி, வலையைச் சுற்றிப் பார்த்தான். ஒரு முடிச்சும் நெகிழவில்லை என்று அங்கிருந்தே சொன்னான். ஒரு சாக்கில் கைவைத்துப் பார்த்துவிட்டு, நல்லாக் காய்ந்திருக்கிறது, இனி அண்ணாச்சியால் ஒன்றும் சொல்ல முடியாது என்றான். இறங்கிவந்து பாருங்கள் என்று கூப்பிட்டான். போகத்தான் நினைத்தேன். சவுக்கையிலிருந்து கதவின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்திருந்த என் விரல்கள் விட மறுத்தன. அவன் இந்தப் பக்கம் சுற்றி வந்து, ஒன்றும் கேட்காமல், ஒவ்வொரு விரலாக விரித்து எடுத்துவிட்டான்.